பாப்பாவின் பயோடேட்டா

அத்தியாயம் 9

போன வாரம் கல்லூரி வாசலில், "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டு வந்தாளே பாப்பா, அந்தச் சபதம் முழுசாக ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்குக் காரணம் அவள் மனசு இளகியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் ஜெராக்ஸ் கடைதான் காரணம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாப்பா கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் வைத்த பெயர் தெருவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதால், மீசை நரைத்த வாடிக்கையாளர்கூட, "பாப்பா, ரெண்டு காப்பி" என்றுதான் நீட்டுவார். அவள் முழிக்க மாட்டேன் என்று சொன்ன அந்த மூஞ்சி, வகுப்புத் தோழி 'மைக்'குடையது. கல்லூரியில் எந்த விழா என்றாலும் ஒலிபெருக்கியை முதலில் பிடிப்பவள் என்பதால் அந்தப் பட்டம். இருவரும் சேர்ந்து செய்த ஆய்வுத் திட்டத்தை மேடையில் தன்னுடையது மட்டும் என்று சொல்லி, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினாள். சண்டை அதனால் வந்ததுதான்.

இன்றைய நாள் மைக்கோடு தொடங்கவில்லை. கல்லூரியின் வேலைவாய்ப்பு அறையில் மேடத்தோடு தொடங்கியது.

"பொழுதுபோக்கு, தபால்தலை சேகரிப்பது." மேடம் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நிஜமாவா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படி இங்க வந்துச்சு?"

பாப்பாவுக்குப் பதில் தெரியும். சொன்னால் வீட்டு மானம் போகும்.

"இந்த வாரம் வந்த ரெஸ்யூமேல பாதிப் பேர் தபால்தலை சேகரிக்கிறாங்க. நான் ஒரு தபால்தலையைக் கண்ணால பார்த்தே பல வருஷம் ஆச்சு. எல்லாரும் கடின உழைப்பாளி. எல்லாரும் குழுவோட சேர்ந்து வேலை செய்வாங்க." மேடம் விரலைக் கீழே இறக்கினார். "அனுபவம்ங்கிற இடத்துல ஒரு கோடு போட்டிருக்கே. இதுதான் உன் அனுபவமா?"

"நான் எங்கயும் வேலைக்குப் போனதில்ல மேடம். படிச்சிட்டுத்தானே இருக்கேன்."

"படிக்கிற பிள்ளைங்ககிட்டதான் அவங்க கேட்கிறாங்க. அனுபவம் இருந்தா முன்னுரிமைன்னு தெளிவா போட்டிருக்காங்க. இது உன் ரெஸ்யூமேவா, உங்க தெருவோடதா?"

மேடம் சொன்ன 'அவங்க', பாடப்புத்தகம் அச்சிடும் ஒரு பெரிய பதிப்பகம். அச்சுக்குப் போகும் முன் தாளைப் படித்துப் பிழை திருத்தும் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி. இந்தக் கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். கடைப் பலகை, பேருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை என்று எதைப் பார்த்தாலும் தப்பு கண்டுபிடிக்காமல் நகர முடியாத பாப்பாவுக்கு, அந்த அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வேறு எந்த வேலை அறிவிப்பையும் அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"அவங்களுக்கு மெயில் எல்லாம் ஆகாது. தாள்ல, கவர்ல போட்டுக் குடுக்கணும். அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் கட்டி அனுப்பிடுவேன். ராத்திரியே அவங்க நேரா உங்க போனுக்குக் கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க. எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிட்டே இருப்பாங்க." மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அதுக்குள்ள நீ யாருன்னு எழுதி எடுத்துட்டு வா."

நீ யார் என்று கேட்டால் ஒரு பக்கத்தில் என்னத்தை எழுதுவது? பாப்பா வழி நெடுகக் கறுவிக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தத் தபால்தலைக்கு மூலகர்த்தா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா பயோடேட்டா அடிப்பதில் கெட்டிக்காரர். ரெஸ்யூமே என்ற வார்த்தை அவர் வாயில் நுழையாது, பயோடேட்டாதான். ஆனால் புது ஃபைல் மட்டும் திறக்கவே மாட்டார். திறந்தால் ஓரம் எல்லாம் கலைந்துவிடும் என்று ஒரு பயம். கடைசியாக யாருக்கு அடித்தாரோ அந்த ஃபைலைத் திறந்து, பேரை மாற்றி, படிப்பை மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு அடித்ததுதான் ஆதி பயோடேட்டா. அந்த மனிதர் நிஜமாகவே தபால்தலை சேகரித்தார். அவருக்குப் பின்னால் வந்த டிரைவர், நர்ஸ், கணக்கர், கல்லூரி மாணவர் எல்லோரும் வேறு வழியில்லாமல் சேகரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவசரத்தில் முந்தாநாள் பாப்பாவும் அதே ஃபைலில்தான் தன் பெயரைப் போட்டாள். அந்த வயிற்றெரிச்சல்தான் இப்போது தாங்க முடியவில்லை.

"எல்லாம் உங்களாலதான்பா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அப்பாவின் பக்கத்தில், வாடிக்கையாளர் நாற்காலியில் மைக் உட்கார்ந்திருந்தாள்.

"வா பாப்பா, சரியான நேரத்துக்கு வந்தே" என்றார் அப்பா. "இந்தப் பொண்ணு உன் காலேஜாமே. அடிச்சு முடிச்சிட்டேன். ஒரு தடவை பார்த்துடு."

இதுதான் கடை வழக்கம். அப்பா அடிப்பார், பாப்பா பார்ப்பாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்ற நாளிலிருந்து, அவள் கண் படாமல் ஒரு தாளும் பிரின்டருக்குப் போனதில்லை. சுவரில் அப்பா பெருமையாக மாட்டியிருக்கும் பலகை, 'எங்கள் கடையில் பிழை வராது' என்று சொல்லும்.

"அங்கிள் சூப்பரா அடிக்கிறாங்க" என்றாள் மைக், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பாப்பாவும் கம்ப்யூட்டரிடம் பேசுவதுபோல, "நகருங்கப்பா" என்று சொல்லி உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். 'ஆய்வுத் திட்டத் தலைவர்' என்ற வரி வந்ததும் பல்லைக் கடித்தாள். இரண்டு பேர் செய்த திட்டத்துக்கு எங்கிருந்து வந்தார் தலைவர்? ஆனால் வாடிக்கையாளர் சொன்னது வாடிக்கையாளருடையது. எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை.

போன் நம்பரில் கண் நின்றது. அது காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் அவளே சரிபார்த்துக் கொடுத்த பிளம்பருடைய நம்பர்.

எப்போதும் நடப்பதுதான். அப்பா எதையாவது ஒன்றை மாற்ற மறப்பார். முகவரியோ, பிறந்த தேதியோ, ஒரு தடவை திருமணம் ஆகாத டாக்டருக்கு மூன்று குழந்தைகளோ. ஒரே ஒரு கணம் பாப்பாவின் கை சும்மா இருந்தது. அப்படியே விட்டுவிட்டால் பதிப்பகத்துக்காரர்கள் ராத்திரி பிளம்பரைக் கூப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். யாருக்குத் தெரியப் போகிறது?

"உன் நம்பர் சொல்லு" என்றாள். சபதம் அந்த இடத்தில் உடைந்தது. மைக் சொன்னாள், பாப்பா தட்டினாள், சேமித்தாள். பிரின்டர் தாளைத் துப்பியது.

"உன்னோடது ரெடியா?" என்று போகிறபோக்கில் கேட்டாள் மைக்.

"ஆயிட்டே இருக்கு."

அவள் படி இறங்கியதும் பாப்பா புத்தம் புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தாள். அப்பா அதைப் பார்த்து, பாம்பைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

முதலில் தபால்தலை ஒழிந்தது. கடின உழைப்பாளி ஒழிந்தார். பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் விறுவிறுவென்று வந்தன. 'அனுபவம்' என்று தட்டியதும் விரல் நின்றுவிட்டது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் வெளிச்சம் போய்ப்போய் வர, யாருக்கோ நிலப் பத்திரம் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார் அப்பா. உள்ளே அம்மா, துளை போட்ட தாள்களுக்குள் ஸ்பைரல் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தாள். பாப்பா சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். மேடம் கேட்டது அப்போதுதான் உறைத்தது. உடனே தட்டினாள்:

'ஒன்பதாம் வகுப்பு முதல் இன்று வரை, அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் பிழை திருத்துபவர்.'

காலையிலிருந்து முதல் தடவையாக மனசு லேசானது. அது அப்பா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் வரைதான்.

"இது என்ன?"

"அனுபவம்பா."

"அதை எடு."

"ஏன்?"

"எடுன்னா எடு. பெத்த பொண்ணைக் கடையில வேலைக்கு வெச்சிருந்தேன்னு நானே அச்சடிச்சுக் குடுக்கணுமா? அதுவும் ஒன்பதாங் கிளாஸ்ல இருந்து! படிக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உங்களைப் பத்தி யாரு படிக்கப் போறாங்க? என்னைப் பத்திதானே படிப்பாங்க!"

"வேலைன்னா வெளியில போய்ப் பார்க்கிறது. இது நம்ம வீடு மாதிரி. வீட்டுல செய்யறதை எல்லாம் வேலைன்னு எழுதுவாங்களா?"

"அப்போ இத்தனை வருஷம் நான் இங்க என்னதான்பா பண்ணேன்?"

பத்திரக்காரர் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட இருந்தே" என்றார் அப்பா.

பாப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விளையாட்டு விழாவுக்குப் போகாத நாட்கள், தேர்வுக்குப் படித்துக்கொண்டே படித்த அடுத்தவர் மனுக்கள், யார் யாருடைய ராஜினாமாக் கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, எல்லாம் சேர்ந்து இரண்டே வார்த்தையாகச் சுருங்கிவிட்டன. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கையை நீட்டிச் சுவர் ஸ்விட்சைத் தட்டினாள். கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

அணைந்த பிறகுதான் நினைவு வந்தது. ஃபைலைச் சேமிக்கவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு!" உள்ளே போய், காகிதக் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் வருகிற அழுகைக்குச் சத்தம் அதிகம்.

அம்மா சமாதானம் சொல்ல வரவில்லை. கம்பியின் நுனியைக் குறடால் மடக்கிவிட்டு, எழுந்து வெளியே போனாள். காகிதக் கட்டுகளுக்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்டது.

"என்னங்க, எனக்கு ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுப்பீங்களா?"

"நீயுமா? ஆளாளுக்கு ஏன் இன்னைக்கு என் உயிரை எடுக்கறீங்க?"

"அடிக்கிறீங்களா, இல்லையா?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மாதான். அனுபவம்னு ஒரு இடம் வருமே, அதுல என்ன போடுவீங்கன்னு பார்க்கணும். கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து இந்தக் கம்பியைச் சுத்திட்டு இருக்கேன். எனக்கும் 'கூட இருந்தா'ன்னுதான் போடுவீங்களா?"

பத்திரக்காரர் சில்லறையை வைத்துவிட்டு நழுவும் சத்தம் கேட்டது.

அம்மா திரும்பி வந்து அடுத்த கட்டுத் தாளை எடுத்துத் துளை போட ஆரம்பித்தாள். மகளைப் பார்க்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் ஒற்றை விரல் தட்டல். டக். டக். நீளமான இடைவெளி. மறுபடி டக்.

போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்க மாட்டேன் என்று தன்னைத்தானே பிடித்துவைத்துக்கொண்டாள். அனுபவத்துக்கு நேரே அவர் எப்படியும் அந்தக் கோட்டைத்தான் போடுவார். அடுத்தவர் தாளை எல்லாம் பார்த்துப் பார்த்து என்ன கண்டோம்? என் தாளை அவரே அடிக்கட்டும், அவரே பார்க்கட்டும்.

மணி நாலரை ஆகும்போது அப்பா வந்து நின்றார். கையில் ஒரு பழுப்புக் கவர். கவரின் வாயில் பசை பளபளத்தது.

"எழுந்து முகத்தைக் கழுவு. நேரமாச்சு."

"அனுபவம்?"

"போட்டிருக்கேன்."

"என்னன்னு?"

"ஒட்டிட்டேன். பிரிக்காதே. போய்க் குடுத்துட்டு வா." அப்பா அவள் கண்ணைப் பார்க்காமல் கவரை நீட்டினார். பாப்பாவுக்குக் கோபம் இன்னும் மூக்கு நுனியில் இருந்தது. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

கல்லூரியில் மேடம் கவர்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். பாப்பா மூச்சு வாங்க நீட்டியதை வாங்கி, மேலே வைத்து, இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இப்பவாவது நீ யாருன்னு எழுதினியா?"

"எழுதியிருக்கு மேடம்" என்றாள் பாப்பா. பொய் சொன்ன மாதிரி இருந்தது. அவளுக்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. முடிச்சுக்குக் கீழே, இரண்டாவது கவரில் மைக்கின் பெயர் தெரிந்தது.

மேடம் அறையைப் பூட்டிக்கொண்டு அவளோடு கூடவே படி இறங்கினார். பதிப்பகத்து வண்டி வாசலில் காத்திருந்தது. கட்டு அதில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் பாப்பா சைக்கிளை மிதித்தாள்.

கடைக்குத் திரும்பியபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அப்பா ஜெராக்ஸ் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. அவள் உள்ளே வந்ததும் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"குடுத்துட்டியா?"

"ம்."

அம்மா தலையை ஆட்டி, பிரின்டர் பக்கம் காட்டினாள். எதை அடித்தாலும் கடைப் பிரதி ஒன்று எடுத்துவைப்பது அப்பாவின் பழக்கம். தட்டில் அது கிடந்தது. பாப்பா நின்றபடியே எடுத்தாள். நேராக அனுபவத்துக்குப் போனாள்.

'எங்கள் ஜெராக்ஸ் கடையில் பிழை திருத்துபவர். ஒன்பதாம் வகுப்பு முதல் இன்று வரை. இந்தக் கடையிலிருந்து பிழையோடு ஒரு தாளும் வெளியே போனதில்லை. அதற்குக் காரணம் நான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். காரணம் இவர்தான். இப்படிக்கு, கடை உரிமையாளர்.'

பயோடேட்டாவில் யாராவது இப்படி எழுதுவார்களா? நடுவில் புகுந்து கையெழுத்துப் போடுவார்களா? பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அந்த வரிகளை மறுபடி படித்தாள். பெற்ற மகளை அப்பா 'இவர்' என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் 'ஏய் பாப்பா' என்பதற்கு மேல் போகாத மனிதர்.

கீழே பொழுதுபோக்கு: 'கடைப் பலகைகளைப் படித்துத் தப்பு சொல்வது.'

"அப்பா..."

"நல்லா இருக்கா?" அப்பா திரும்பாமலே கேட்டார். "புது ஃபைல்ல அடிக்கலாம்னுதான் நினைச்சேன். ஓரம் கோணலாப் போச்சு. அப்புறம் எப்பவும் போல கடைசி ஃபைலைத் திறந்து..."

பாப்பாவின் கண்ணுக்கு நிற்கத் தெரியாது. மகிழ்ச்சியோ துக்கமோ, தாளைக் கையில் கொடுத்தால் அது மேலிருந்து கீழ்வரை ஒரு நடை போய்விட்டுத்தான் வரும். பெயர் சரி. பிறந்த தேதி சரி. முகவரி சரி.

போன் நம்பர்.

அது அவளுடையது இல்லை. ஆனால் நன்றாகத் தெரிந்த நம்பர். மதியம் இதே இடத்தில் உட்கார்ந்து, சபதத்தை உடைத்துக்கொண்டு, தன் கையாலேயே தட்டிச் சரிசெய்த மைக்கின் நம்பர்.

"என்ன பாப்பா?"

பாப்பா நம்பரின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"நான் பேரை மாத்தினேன், படிப்பை மாத்தினேன்..." அவர் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "நம்பர்... நம்பரை நீதானே எப்பவும் பார்ப்பே?"

மூன்று பேரும் சுவரில் இருந்த 'பிழை வராது' பலகையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"கட்டு போயிருச்சா? மேடத்தைக் கூப்பிடு" என்றாள் அம்மா.

"என் கண்ணு முன்னாடி வண்டியில ஏறிப் போச்சும்மா. மேடம்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல. அவங்க ராத்திரியே கூப்பிடுவாங்க. இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க."

"அப்போ அந்தப் பொண்ணுகிட்டயே பேசு. யாராவது கேட்டா உன் நம்பரைக் குடுக்கச் சொல்லு."

அந்தப் பொண்ணு. இரண்டு பேர் வேலையை ஒருத்தி வேலை என்று மேடையில் சொன்ன அந்தப் பொண்ணு. பதிப்பகத்துக்காரர்களிடம், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று அவள் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அந்த ஒற்றை இடத்துக்குக் குறுக்கே நிற்கிற பாப்பா விலகிவிடுவாள். அவளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சண்டையன்று அந்த நம்பரை அழித்துவிட்டிருந்தாள் பாப்பா. இப்போது தன் பயோடேட்டாவைப் பார்த்தே ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள். தட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை சரிபார்த்தாள். அப்பா மூச்சுவிடாமல் நின்றார். அம்மா ஸ்பைரல் கம்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

போனைக் காதில் வைத்தாள்.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன்.